பூசைக்குப் போகாத ஞாயிறும் எழ முடியாத வெள்ளியும்

வாயில் பச்சை முட்டை வாடை, உடம்பெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு… இருபத்துநான்கு வயதில் என்னுடைய ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் விடியும்.

தலத்தெருவிலிருந்து நானும் நண்பன் நாசரும் பைக்கில் மண்டபத்தூர் கடற்கரைக்குப் போவோம். மணலில் ஓட்டம், தண்டால், பிறகு கடலில் நீச்சல். வாரம் முழுக்க மொபைல் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதுதான் உயிர். கண்ணாடி முன்னால் நின்று புஜத்தை அளந்து பார்த்த காலம்.

அம்மாவுக்கு மட்டும் மனத்தாங்கல்.

"பூசைக்கு வராம அப்படி என்னடா உடம்பு?"

"சாயங்காலப் பூசைக்குப் போறேம்மா."

போகமாட்டேன். அம்மாவும் மறுபடி கேட்கமாட்டார்.

அப்படி ஒரு ஞாயிறு, நீந்திக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தேன். கரை தூரத்தில் இருந்தது. கையை வீசி வீசிப் போட்டேன். கரை இன்னும் தள்ளிப் போனது. நாசர் இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்துவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

ஜெபம் சொல்ல நினைத்தேன். சின்ன வயதிலிருந்து தினமும் சொன்ன ஜெபம்… முதல் வரிக்கு மேல் வரவில்லை. வந்ததெல்லாம் தண்டால் எடுக்கும்போது எண்ணுகிற எண்கள்தான். பதினெட்டு, பத்தொன்பது, இருபது… சாவை விட அதுதான் என்னை அதிகம் நடுங்க வைத்தது.

மீன் பிடித்துத் திரும்பிய ஃபைபர் படகு ஒன்றில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள்.

"நீரோட்டம் இழுக்கையில கரையப் பாத்து நேரா நீந்தப்புடாது தம்பி. பக்கவாட்டுல போவணும்" என்றார் படகுக்காரர்.

அது என் காதில் ஏறவில்லை. கடவுள் தண்டித்துவிட்டார் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. நடந்ததைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை.

மறுநாளே வீட்டில் தூக்கிப் பழகிய டம்பெல்ஸை நாசரிடம் கொடுத்துவிட்டேன். தினமும் பூசை. புதனும் வெள்ளியும் ஒருசந்தி விரதம். பகலெல்லாம் பட்டினி கிடந்து, இரவில் வயிறு முட்டச் சாப்பிடுவேன். மற்ற நேரமெல்லாம் முழந்தாளில் ஜெபம். பார்த்தவர்கள் பக்திமான் என்றார்கள். உள்ளே இருந்தது வெறும் பயம். இரண்டு தெரு நடக்கக்கூட பைக்கை எடுத்தேன். கல்யாணமாகி, பத்து வருடத்தில் எடை நூறு கிலோவைத் தொட்டது.

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளி. கோவிலில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. இயேசு மூன்றாம் முறை விழுகிற ஒன்பதாம் ஸ்தலத்தில் முழந்தாளிட்டவனால் எழ முடியவில்லை. நெஞ்சை யாரோ அமுக்குவது போல இருந்தது. இடது கை கனத்தது. வேர்த்துக் கொட்டியது. மனைவி ஜோஸ்பின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத்துக்கு ஒன்றுமில்லை. பிரஷர்தான் எக்கச்சக்கம், எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது ஆட்டோவில்தான் முதன்முதலாக ஜோஸ்பினிடம் கடல் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"தண்ணி இழுத்துச்சுங்க. அந்தப் பழியத் தூக்கி ஆண்டவரு மேல போட்டுட்டு இத்தனை வருசம் பயந்து கெடந்தீங்களா? படகு அனுப்புனது யாருன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

நான் யோசித்ததே இல்லை.

இப்போது ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் இருவரும் கடற்கரைச் சாலையில் நடக்கிறோம். வாரநாட்களிலும் நாற்பது நிமிடம். அந்த இருபத்துநாலு வயது வேகம் இனி வராது. நினைத்தால் கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கிறது. நெஞ்சு படபடத்தால் பழைய பயமும் எட்டிப் பார்க்கிறது.

நேற்றும் அப்படித்தான். பாதி வழியில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். முன்னால் போன ஜோஸ்பின் பதறித் திரும்பி வந்தாள்.

"என்னங்க, மூச்சு வாங்குறீங்களா, ஜெபம் பண்றீங்களா?"

"ரெண்டுந்தான்" என்றேன்.