பின்பக்கக் கண்ணாடி

எண்பதுகளின் கடைசியில் தோர்ண்டன் ஹீத்தில் என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. கராஜ் இல்லாததால் தெருவோரம்தான் நிற்கும். உறைபனிக் காலைகளில் யாராவது தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகும்.

அப்படியொரு காலையில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த யோகனுக்குக் குரோய்டனில் அகதி விசாரணை.

"நான் தள்ளிவிடுறன் அண்ணை. போற வழியிலை என்னை இறக்கிவிடுங்கோ" என்றான். பின்பக்கக் கண்ணாடியில் இறுகியிருந்த பனியை நகத்தாலேயே சுரண்டித் துடைத்தான். பிறகு தள்ளினான்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. அதே நொடியில் அவன் வழுக்கி விழுந்ததைக் கண்டேன். எழும்ப முடியாமல் ஒரு கையை உயர்த்தினான். நிறுத்தினால் கார் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, எனக்கு ஷிப்ட் பிந்திவிடும். நான் நிறுத்தவில்லை.

மாலையில் முறிந்த கையில் கட்டோடு வந்தான். விசாரணைக்குப் போகவேயில்லை; பகல் முழுதும் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான்.

"பின்பக்கக் கண்ணாடி முழுக்கப் பனியடா. நீ விழுந்ததை நான் காணேல்லை" என்றேன்.

தன் நகங்களைப் பார்த்தான்.

"ஓம் அண்ணை. பிறகு கார் நிக்கேல்லைத்தானே?"

அந்தக் கண்ணாடியைத் துடைத்தவனிடமே பொய் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருத்திச் சொல்ல அன்றும் வாய் வரவில்லை. அதே அறையில் இன்னும் இரண்டு வருடம் ஒன்றாக இருந்தோம், அப்போதும் வரவில்லை.