எட்டு விளக்குகளும் ஒரு ஸ்டிக்கர் பொட்டும்

மலேசியாவில், செரண்டாவில் நான் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், டெக்னீஷியன் அறையில் பெண்கள் யாரும் கிடையாது. எண்பதுகளின் கடைசியில், லைனில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த என்னை மூன்று மாதச் சோதனைக்கு அங்கே அனுப்பினார்கள். நான் தேறினால் லைனிலிருந்து இன்னும் சில பெண்களை எடுப்பார்களாம். தேறாவிட்டால் நான் பழைய ஸ்டூலுக்கே போகவேண்டும், மற்றவர்களுக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

"கவுத்துறாத லா, ஒனக்கு அடுத்து நாந்தான்," என்பாள் என் தோழி. அசாம் ஜாவாவிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வருபவள், லைனில் என் பக்கத்து ஸ்டூல்காரி. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குத்தான் அதைக் கேட்டபிறகு சோறு இறங்காது.

எனக்குக் கொடுத்த வேலை, ஒரு ரேடியோவின் முகப்புக்கு எட்டு சிவப்பு எல்இடி விளக்குகள். ஒவ்வொன்றும் தனித்தனி அளவில் மெல்ல ஏறி மெல்ல மங்க வேண்டும். எட்டையும் ஒரே சிப் ஆட்டிவைக்க வேண்டும். அந்தச் சிப்புக்கோ விளக்கைப் போடத் தெரியும், அணைக்கத் தெரியும், அவ்வளவுதான். பாதி வெளிச்சம் என்றால் கண்ணைத்தான் ஏமாற்ற வேண்டும். நொடிக்கு நூறு தடவை போட்டு அணைத்தால், எரிகிற நேரம் கூடக்கூட விளக்கு பிரகாசமாகத் தெரியும்.

ஒரு விளக்கு முடியும்வரை காத்திருந்து அடுத்ததற்குப் போகும்படி முதலில் புரோகிராம் எழுதினேன். நான்காவது விளக்கைச் சேர்த்ததும் எல்லாம் சேர்ந்து துடிக்க ஆரம்பித்தன. தப்பை அழிக்க, சிப்பின் முதுகிலிருக்கும் கண்ணாடி ஜன்னலை புற ஊதாக் கதிர்ப் பெட்டிக்குள் இருபது நிமிடம் காட்ட வேண்டும். கடைசியில், யாருக்காகவும் காத்திருக்காமல் ஒரே எண்ணிக்கையைப் பதினாறு வரை ஓடவிட்டு, ஒவ்வொரு எண்ணிலும் எட்டு விளக்கையும் 'உன் நேரம் முடிந்ததா?' என்று கேட்கும்படி மாற்றினேன். துடிப்பு நின்றது. எட்டும் பட்டுப்போல ஏறி இறங்கின.

வெளிச்சம் உள்ளே போனால் சிப் தடுமாறும்; அதனால் அந்த ஜன்னலை லேபிள் ஒட்டி மூட வேண்டும். ஸ்டோரில் லேபிள் கேட்க எஞ்சினியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பத்து மனிதர், அதிகம் பேசமாட்டார். இதற்கெல்லாம் போய் நின்றால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பாரோ என்று பயம். நெற்றியிலிருந்த மெரூன் ஸ்டிக்கர் பொட்டை உரித்து ஜன்னல்மேல் ஒட்டினேன். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன், மூதேவி.

மறுநாள் காலை ரேடியோ கம்பெனிக்காரர்கள் இருவர் பார்க்க வந்தார்கள். விளக்குகள் அழகாக ஏறின. ஒருவர் கேமராவை எடுத்துப் பளிச்சென்று ஒரு படம் பிடித்தார். எட்டு விளக்கும் அப்படியே நின்றுவிட்டன. மூன்று முழுசாக எரிந்தன, மற்றவை செத்துக் கிடந்தன. அணைத்துப் போட்டேன், சரியாயிற்று. மறுபடி பளிச், மறுபடி நின்றது.

அப்போதுதான் உறைத்தது. அந்த மெல்லிய பொட்டுத் துணி டியூப் லைட்டைத் தாங்கும், ஃப்ளாஷை எங்கே தாங்கும்? அணைத்துப் போட்டுவிட்டு, கட்டைவிரலைப் பொட்டின்மேல் அழுத்தி, இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். விளக்குகள் நிற்கவில்லை. அவர்கள் கிளம்பும்வரை விரலை எடுக்கவில்லை, வலித்தது.

அவர்கள் போனதும் எஞ்சினியர் சிப்பைக் கழற்றிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? ஆர் ஒட்டினது?"

ஸ்டோர்மீது பழி போட ஒரு நொடி நாக்கு துடித்தது. "நாந்தான் சார். என் பொட்டு."

"லேபிள் ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனச்சிருவீங்கன்னு பயமா இருந்திச்சி சார்."

அவர் என் நெற்றியிலிருந்த புதுப் பொட்டைப் பார்த்தார். பிறகு என் சோதனைப் படிவத்தை இழுத்து எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த மாசம் லைனில இருந்து ரெண்டு பேரை எடுக்கப் போறம். அவையளும் உன்னை மாதிரிக் கேக்காம இருந்தால் எனக்கு விசர் பிடிக்கும். போய்ச் சொல்லு."

நேராக லைனுக்கு ஓடினேன். தோழியைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. அவள் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் ஈயம் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்து, பக்கத்து ஸ்டூலிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போனா போவுது லா," என்றாள். "ஒக்காரு. ஒன் எடத்துல இன்னும் யாரையும் போடல."

"ஒம் பேர எழுதிக் குடுடி," என்றேன்.