டிரவுட்டுக்குக் கட்டிய சிவப்புப் புழு

எங்கள் மேலாளருக்கு எந்தக் கிறுக்குப் பிடித்தாலும் அது சிறுசேரி அலுவலகத்தில் எங்கள் குழு முழுவதையும் தொற்றிக்கொள்ளும். அவர் ஓட ஆரம்பித்த வருடம் நாங்களும் முழங்கால் வலியோடு ஓடினோம். அவர் சைக்கிள் வாங்கிய வருடம் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தோம். போன வருடம் வாடிக்கையாளரைப் பார்க்க வெளிநாடு போனவர், டிரவுட் மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டு திரும்பினார்.

டிரவுட் குளிர்ந்த தண்ணீரில் மட்டும் வாழும் மீன். சதுரங்கப்பட்டினத்துக் கரையில் நெத்திலி கிடைக்கும், வஞ்சிரம் கிடைக்கும். டிரவுட் வேண்டுமென்றால் நீலகிரி ஏற வேண்டும். ஏறினாலும், நிஜப் புழுவைத் தூண்டிலில் குத்திப் போடுவது மட்டமாம். கொக்கியின் மேல் நூலும் இறகும் சுற்றி, தண்ணீருக்கடியில் வாழும் பூச்சிப்புழு போலவே ஒன்றைக் கட்டி, மீனை நம்பவைத்துத்தான் பிடிக்க வேண்டுமாம். இதற்கு ஃப்ளை கட்டுவது என்று பெயர். மீட்டிங் அறையில் படம் போட்டு அவர் இதை விளக்கியபோது நாங்கள் பட்ஜெட் கூட்டத்தில் ஆட்டுவதைவிட அதிகமாகத் தலையாட்டினோம்.

குழுவில் கடப்பாக்கத்துக்காரன் ஒருவன் உண்டு. அவனுடைய அப்பாவும் அண்ணன்களும் இன்றும் கடலுக்குப் போகிறவர்கள். வெளியே வந்ததும் என் காதருகே வந்தான்.

"மச்சான், மீனுக்குப் பசிச்சா துன்னப் போவுது. அதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் வேஷம்?"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் கட்டிய முதல் புழுவை மேலாளர் டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நைஸ் டிரை. பட், நூல் மாதிரிதான் இருக்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் உடனே, ஆமாம், நூல் மாதிரிதான் இருக்கிறது என்றார்கள். சம்பள உயர்வு இல்லை என்று சொன்ன வருடங்களில்கூட எனக்கு இவ்வளவு வலித்ததில்லை. இந்த உலகத்தில் ஒரே ஒரு உயிராவது என் புழுவை நிஜம் என்று நம்ப வேண்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று வைராக்கியம் வந்துவிட்டது.

அதன் பிறகு வீட்டில் எந்தப் பொருளும் பத்திரமாக இல்லை. என் மனைவி ஆரித் தையல்வேலைக்கு வைத்திருந்த சிவப்புப் பட்டு நூல் போயிற்று. பழைய சார்ஜரின் வயிற்றைக் கிழித்துச் செம்புக் கம்பி எடுத்தேன். புழுவின் தலைக்கு, திருப்போரூர் முருகன் கோயில் வாசலில் வாங்கிய மயிலிறகின் இழை. வரும் வழியில் ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, நிஜச் சிவப்புப் புழுக்களைக் கொஞ்சம் ஊறுகாய் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தேன். ஓவியன் ஆளைப் பார்த்து வரைவதில்லையா? பாட்டிலைப் பால்கனியில் வைத்து, அவற்றின் நெளிவைப் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். கடைசியில் ஒன்று வாய்த்தது. அதை அவற்றோடு தண்ணீரில் போட்டுவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். மழைக்காலம் தொடங்கினால் கொசு அவளுடைய நேரடி எதிரி. பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிட்ட வீடுகளின் எண்களை அந்த வாரம்தான் வாட்ஸப் குழுவில் போட்டு எல்லோரையும் ஒரு வாங்கு வாங்கியிருந்தாள். அந்தக் கோபம் யாருக்கும் ஆறவில்லை. வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கும் சுகாதாரத்துறை அக்கா டார்ச்சோடு வந்தபோது, வசவு வாங்கிய எதிர்வீட்டுக்காரரும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்து எங்கள் வாசலில் நின்றார்.

அக்கா நேராகப் பால்கனிக்குப் போனார். "இன்னா சார் இது? பாட்லு பூரா புழு கீது!"

எதிர்வீட்டுக்காரர் முகத்தில் தீபாவளி. ஊருக்கு உபதேசம் செய்த செயலாளரின் பதவி அந்தப் பாட்டிலுக்குள் நெளிந்துகொண்டிருந்தது. சமையலறையிலிருந்து வந்த என் மனைவி, பாட்டிலை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாள். கரப்பான் பூச்சியைக் கண்டாலே கட்டிலில் ஏறி நிற்பவள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டிலுக்குள் விரலை விட்டாள். கையை ஒருமுறை உதறினாள். மறுபடியும் விட்டாள். 'ஸ்' என்றபடி என் புழுவை வெளியே எடுத்தாள்.

"நல்லா பாருங்க. கொக்கி தெரியுதா? இது நூல். எங்க வீட்டுக்காரர் கட்டினது."

அக்கா டார்ச் அடித்துப் பார்த்தார். "இது நூலு, சரி. மீதி?"

"எல்லாமே அவர் கட்டினதுதான்."

"நீஞ்சிகினு கீதேம்மா!"

"அவ்வளவு நல்லா கட்டுவார்."

இதைச் சொன்னபோது அவள் கண் இமைக்கவில்லை. அக்கா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாட்டிலைத் தொட்டி மண்ணில் கவிழ்த்துவிட்டு, "இந்த தபா வுடறேன். அடுத்த தபா நூலு நீஞ்சக் கூடாது, சொல்ட்டேன்" என்று கிளம்பினார்.

அன்று மாலை சங்கத்தின் வாட்ஸப் குழுவில் என் புழுவின் படம் வந்தது. கீழே என் மனைவி எழுதியிருந்தாள்: 'வதந்திகளை நம்ப வேண்டாம். இது என் கணவரின் கைவேலை. பரிசோதிக்க வந்தவரே ஏமாந்துவிட்டார்.' கட்டை விரல்கள் குவிந்தன. லிஃப்டில் ஆட்கள் கை குலுக்கினார்கள். எதிர்வீட்டுக்காரர்கூட வேறு வழியில்லாமல் "சூப்பர் சார்" என்றார். எனக்குத்தான் உள்ளே கசந்தது. அக்கா பார்த்தது நிஜப் புழுவை. என் புழுவை எடுத்துக் காட்டியதும் நூல் என்று சொல்லிவிட்டார். மேலாளர் சொன்ன அதே வார்த்தை.

மிச்சமிருந்த நம்பிக்கை நீலகிரி. அனுமதிச் சீட்டு வாங்கி, பனியில் நடுங்கியபடி ஏரிக்கரையில் வரிசையாக நின்றோம். மேலாளரின் தூண்டில் ஒரு மரக்கிளையைப் பிடித்தது. அதற்கும் கை தட்டினோம். என் புழுவிடம் ஒரு டிரவுட் வந்தது. மூக்கை அருகே வைத்துப் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் திரும்பிப் போய்விட்டது.

"வுடு மச்சான்" என்றான் கடப்பாக்கத்துக்காரன். "அது இன்னா நம்ப டீம்லயா கீது, காட்டறதெல்லாம் நம்பறதுக்கு?"

வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு மனைவியிடம் புலம்பினேன். "என் புழுவை மனுஷனும் நம்பல, மீனும் நம்பல. நீ சொன்ன பொய்தான் அதுக்குக் கிடைச்ச ஒரே பாராட்டு."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "முழுக்கப் பொய்யின்னு யார் சொன்னது?" என்றாள் நிமிராமல். "அன்னிக்கி உங்களோடதுன்னு நினைச்சுத்தான் முதல்ல ஒண்ணைப் பிடிச்சேன். விரல்லயே நெளிஞ்சுது. கத்தினா மானம் போயிடுமேன்னு உதறிட்டு மறுபடி தேடினேன். எது நூல், எது புழு, ஒண்ணுமே தெரியல. கொக்கி குத்தினப்புறம்தான் இது உங்களோடதுன்னு தெரிஞ்சுது."

அவள் கையைப் பிடித்து, எந்த விரல் என்று கேட்டேன். சுட்டு விரலை நீட்டினாள். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காயம் சுத்தமாக ஆறிப்போயிருந்தது. நல்லதுதான், ஆனாலும் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.