மணிக்கட்டில் ஒரு எர்த் கம்பி

இந்த ஜெர்மன் ஊரில் தினமும் காலையில் எனக்கு விலங்கு மாட்டுகிறார்கள். மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பி போய்ச் சேருவது தரைக்குள். உடம்பில் சேரும் மின்சாரத்தை மண்ணில் இறக்குவதற்காம். வந்த புதிதில், என் உயிர்மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய் டெக்னீஷியன் டீட்டருக்கு நன்றி சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உனக்காக இல்லை, கருவிக்காக. உன் விரல் பட்டால் ஆம்ப்ளிஃபையர் போய்விடும்."

வேலை இதுதான். வளையம் போன்ற இரும்புக் கலனுக்குள், சூரியனைவிடச் சூடான பிளாஸ்மாவைக் காந்தத்தால் கட்டி நிறுத்துகிறார்கள். அது விளிம்பில் கொந்தளித்துச் சுவர்ப்பக்கம் கசியும். அந்தக் கொந்தளிப்பை அளக்க, ஊசி போன்ற ஒரு புரோபை விளிம்புக்குள் கண்ணிமைக்கும் நேரம் நீட்டி இழுத்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் பிளாஸ்மா ஏற்றுவதற்கு ஷாட் என்று பெயர். எங்கள் சிவகாசியில் அது வாணவெடியின் பெயர். இங்கே சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. ஒருமுறை ஊசிமுனை உருகியதற்கு அரைநாள் கூட்டம் போட்டுத் துக்கம் விசாரித்தார்கள்.

என் அக்கா நாரணாபுரம் பக்கம் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து அடைப்பவள். பருத்தி தவிர வேறு துணியோடு மருந்து ரூமுக்குள் போகக் கூடாது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும், மார்கழிக் குளிரில் கம்பெனி வேனில் போர்த்திக்கொள்ளட்டும் என்று ஒரு பாலியஸ்டர் சால்வை அனுப்பினேன். தம்பி அனுப்பியதைக் கழற்ற மனசில்லாமல் அதோடேயே அவள் உள்ளே போயிருக்கிறாள். அக்கா வீட்டுக்காரர் போனில் அழுதார்.

"ரெண்டு கையும் வெந்துபோச்சு மாப்ள. அந்தச் சால்வையாலதான் தீப்பிடிச்சுச்சுன்னு ஃபோர்மேன் சாதிக்கான். நீ இதத்தான படிச்சிருக்கே, துணியால பிடிக்காதுன்னு ஒரு லெட்டர் எழுதித் தா."

துணியால் பிடிக்கும்; பாலியஸ்டர் உரசி உடம்பில் சேரும் மின்சாரம் ஒரு பொறியாகத் தெறித்தால் போதும். அளந்ததை அளந்தபடி எழுதிச் சம்பளம் வாங்குபவன் பொய் எழுதலாமா என்று எனக்கு ஒரு வீறாப்பு. சால்வையால் தீப்பிடித்திருக்கும் வாய்ப்பை மறுக்க இயலாது என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அந்த ரூம் வாசலில், கைவைத்து உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போகும் செம்புத் தகடே இல்லை என்று அக்கா எப்போதோ சொல்லியிருந்தாள். அதை நான் எழுதவில்லை. யாரும் அதைக் கேட்கவில்லையே! ஆங்கிலம் தெரியாத மச்சான் என்னை நம்பி, லெட்டரை நேரே ஃபோர்மேன் கையில் கொடுத்துவிட்டார். அதைக் காட்டியே பழியை அக்காமேல் போட்டு முடித்துவிட்டார்கள்.

பிறகு ஒருநாள், மச்சான் போனை அவள் காதில் பிடிக்க, அக்கா பேசினாள்.

"நீ எழுதுனதச் சொன்னாக."

"அக்கா..."

"விடுலே. படிச்சவன், சரியாத்தான் எழுதியிருப்பே. வெரலுதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடுச்சு. அங்கன ரொம்பக் குளுருதா?"

குளிரவில்லை என்றேன். அது மட்டும் பொய்.

இப்போது பட்டையை மாட்டும்போது நான் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. என் விரல்கள் பத்தும் தனித்தனியாக அசைகின்றன. என் உடம்பில் சேர்வதையெல்லாம் கம்பி வழியே இந்த ஊர் மண் வாங்கிக்கொள்கிறது. அக்காளுடையதை வாங்கிக்கொள்ள எங்கள் ஊர் மண்ணுக்கு ஒரு செம்புத் தகடு கிடைக்கவில்லை.