ஏழு வயதில் வாங்கிய பட்டம்

எங்கள் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் மரியாதை குறைவுதான். இரும்புலியூர் வீட்டு வாசல் பலகையில் அப்பா பெயரோடு பி.காம். ஒட்டிக்கொண்டிருக்கும். சித்தப்பாவின் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைவிட அவர் படிப்பு நீளம். அதனால் நாலாம் வகுப்பில் நான் செய்த காரியத்துக்கு என்னை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

என் தங்கைக்கு அப்போது ஏழு வயது. ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்காரமாட்டாள். ரப்பர், டிபன் பாக்ஸ், ஒரு கால் ஷூ என்று தினம் எதையாவது தொலைத்துவிட்டு வருவாள். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். இவளை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது என்று பழைய பள்ளியில் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கோடை விடுமுறையில் அம்மாவும் அப்பாவும் அவளை ஒரு டாக்டரிடம் நாலைந்து தடவை கூட்டிப்போனார்கள். கடைசியில் ஒரு ஃபைல் வீட்டுக்கு வந்தது. அதில் தங்கையின் பெயர், பக்கத்திலேயே ஏ.டி.எச்.டி. என்று எழுதியிருந்தது. இவள் மக்கு இல்லை, மூளைதான் வேகமாக ஓடுகிறது என்று டாக்டர் சொன்னதை அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அப்பா இருபத்தொரு வயதில் வாங்கியதை இவள் ஏழு வயதில் வாங்கிவிட்டாள்.

பட்டம் வந்த பிறகு வீட்டில் எல்லாமே மாறியது. இரண்டு கணக்கு போட்டால் மாடிப்படி ஒருமுறை ஏறி இறங்கலாம், மறுபடி இரண்டு கணக்கு. அப்பாவும் கூடவே ஏறி இறங்குவார். அதில் அவர் தொப்பை குறைந்தது தனி லாபம்.

எங்கள் இருவரையும் ஒரு புதுப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது, விட்டால் இந்த சீட்டும் போய்விடும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்களாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நோட்டுகளுக்கு அட்டை போட்டு லேபிள் எழுதும் வேலையை மட்டும் என்னிடம் கொடுத்தார்கள். ஒன்பது நோட்டிலும் தங்கை பெயருக்குப் பின்னால் அந்த நாலு எழுத்தை, புள்ளி விடாமல் எழுதி, பையில் அடுக்கியதும் நானே.

மூன்றாம் நாள் அவளுடைய கிளாஸ் மிஸ் அம்மாவை வரச்சொன்னார். என்னையும் கூப்பிட்டார்கள். மேஜைமேல் கணக்கு நோட்டு இருந்தது. இதை யார் எழுதியது என்று மிஸ் கேட்டார்.

“நான்தான் மிஸ். எங்க அப்பாக்கு பி.காம். மாதிரி இவளுக்கு இது.”

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை, ஏதோ விளையாட்டாக எழுதிவிட்டாள் என்று அம்மாவும் சேர்ந்து சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அம்மா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல மிஸ், பெரியவ எழுதினது சரிதான். என் சின்னப் பொண்ணுக்கு அது இருக்கு. மறைச்சு சேர்த்தது எங்க தப்பு. ஆனா அவ இங்கயேதான் படிக்கணும். வீட்ல நாங்க என்ன பண்றோம்னு சொல்றேன், நீங்களும் கொஞ்சம் பண்ணிப் பாருங்க.”

பிறகு இரண்டு கணக்கு, மாடிப்படி எல்லாவற்றையும் சொன்னாள். மிஸ் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, ஹெச்.எம்.மிடம் தானே பேசுவதாகச் சொன்னார். சொன்னபடி பேசவும் செய்தார். சீட் போகவில்லை. அடுத்த வாரமே தங்கைக்கு முதல் பெஞ்சும், ஆபீஸ் ரூமிலிருந்து சாக்பீஸ் எடுத்துவரும் பொறுப்பும் கிடைத்தன. இப்போது அவள் காலேஜில் இரண்டாம் வருடம். இன்னமும் நடந்துகொண்டேதான் படிக்கிறாள். அவளைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் பேச ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்தமாட்டேன்.

அன்றைக்கும் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மிஸ் முன்னாலேயே அம்மா பட்டத்தை உறுதி செய்துவிட்டாளே. வராந்தாவில் நடந்தபோது, எனக்கு அது எப்போது கிடைக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா நின்றுவிட்டாள். என் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள், அவள் உடம்பு குலுங்கியது. எனக்கு அந்த அளவுக்குப் படிப்பு வராது என்று தெரிந்துதான் அழுகிறாள் என்று நினைத்தேன். பரவாயில்லைம்மா, வீட்டில் ஒருத்திக்கு இருந்தால் போதும் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.