கபாடிக் கடைத் தராசும் அப்பாவின் ஹார்னும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மும்பையில் கணபதி கரைத்து முடிந்த வாரம். தாராவியில் எங்கள் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. நடுவில் ஒரு பெரிய நீலப் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. நான் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறேன். மெக்கானிக்கல் இன்ஜினீயர் வேலை. எங்கள் சந்தில் துபாய்க்குப் போனவர்கள் உண்டு, மஸ்கட்டுக்குப் போனவர்கள் உண்டு. ஜெர்மனிக்கு நான்தான் முதல். அதுவும் ஒரு பெண். சந்தே கிளம்புகிற மாதிரிதான் இருந்தது.

எங்களுக்கு இட்லி வியாபாரம். அம்மா விடியுமுன் எழுந்து அவிப்பார். அப்பா பெரிய அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சயான் வழியாகச் செம்பூர் போவார். மும்பையில் இருந்தவர்களுக்குத் தெரியும், இங்கே இட்லிக்காரர் கூவிக் கூவி விற்க மாட்டார். ஹார்ன் அடிப்பார். பித்தளைக் குழலும் கறுப்பு ரப்பர் பந்துமாக, அந்தக் காலத்து லாரிகளில் இருந்த மாதிரி ஹார்ன். பந்தை அமுக்கினால் ‘பொம் பொம்’. சத்தம் கேட்டதும் மாடிகளிலிருந்து டப்பாவோடு ஆட்கள் இறங்கி வருவார்கள்.

அப்பாவின் ஹார்னுக்கு மட்டும் ஒரு தனிக் குரல். ஒரு மழைநாளில் சயான் பக்கம் சைக்கிள் சறுக்கி விழுந்ததில் குழலின் வாய் நசுங்கிவிட்டது. அன்று முதல் அதற்கு நிரந்தரமாக ஜலதோஷம். செம்பூர் காலனியில் வேறு இட்லிக்காரர்களும் வருவார்கள். ஆனால் அந்தச் சளிப் பிடித்த ‘பொம்’ கேட்டால்தான் எங்கள் வாடிக்கைக்காரர்கள் கதவைத் திறப்பார்கள் என்று அப்பா சொல்வார். நான் பள்ளிக்கூடம் போனது, கல்லூரி போனது, ஜெர்மன் வகுப்புக்குப் போனது எல்லாமே அந்தச் சத்தத்தின் பின்னால்தான்.

பெட்டி கட்டுவதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. அங்கே கடையில் கிடைக்கிற எதுவும் இங்கிருந்து போகக் கூடாது. இணையத்தில் பார்த்தே வைத்திருந்தேன், குக்கர் கிடைக்கும், உளுந்து கிடைக்கும், புளிகூடக் கிடைக்கும். அம்மாவுக்கு நேர் எதிர்க் கொள்கை. இங்கிருந்து போகாத எதுவும் நம்பத் தகுந்தது இல்லை. ஆகவே நான் ஒரு பொருளை எடுத்து வெளியே வைப்பேன், திரும்புவதற்குள் அது உள்ளே போயிருக்கும். குக்கர், இட்லித் தட்டு, ஊறுகாய், மூன்று விதப் பொடி, கடைசியாக ஒரு சின்னக் கல் உரல். இஞ்சி தட்டுவதற்காம்! கல்லைச் சுமந்துகொண்டு ஐரோப்பா போகிற இன்ஜினீயர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அங்கே கிடைக்காதது எது என்று யோசித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். நேராக அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

“ஹார்னா? எதுக்குட்டி அது? ஜெர்மனில போயி இட்லி விக்கப் போறியா?”

“இல்லப்பா, சும்மா வச்சிக்கிடுதேன்.”

“சும்மா வச்சிக்கிடுதியா? நாளைக்குக் காலைல நான் வாயாலயா அடிப்பேன், பொம் பொம்னு?”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்குச் சட்டென்று உறைத்தது. நான் ஞாபகார்த்தமாகக் கேட்கிறேன், அவருக்கு அது தொழில் சாமான். வேறு ஹார்ன் சைக்கிள் கடையில் கிடைக்கும், ஆனால் அந்தக் குரல் கிடைக்காது. குரல் மாறினால் ஆள் இறங்கி வராது. ஆள் வராவிட்டால் பாத்திரம் காலியாகாது. ஒரு காலை வியாபாரம் போனாலும் எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம். அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டேன். பெட்டியில் ஹார்னுக்காக ஒதுக்கி வைத்திருந்த மூலையில் அம்மா ஒரு பருப்புப் பொடிப் பொட்டலத்தைச் செருகிவிட்டார்.

கிளம்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் எடை போட வேண்டும். இருபத்து மூன்று கிலோதான் அனுமதி. எங்கள் வீட்டில் எடை பார்க்கிற கருவி கிடையாது. ஆனால் சந்து முனையில் கபாடிக் கடை இருக்கிறதே! பழைய இரும்பு, பிளாஸ்டிக், அட்டை எல்லாம் வாங்குகிற கடை. கடைக்காரரும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான், எனக்கு மாமா முறை. பெட்டியைச் சந்தே சேர்ந்து தூக்கிக்கொண்டு போனது. ஒரு பக்கம் நசுங்கிய டின் மூட்டை, மறு பக்கம் பழைய ஃபேன், நடுவில் தராசின் மேல் என் புத்தம் புதுப் பெட்டி. சிவப்பு எண்கள் ஓடி நின்றன. அனுமதிக்கு உள்ளேதான், கொஞ்சம் மிச்சமும் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். “இன்னும் போடலாம் போல இருக்கே” என்று மாமா சொன்னதுதான் தாமதம், அம்மா வீட்டுக்கு ஓடி இன்னொரு ஊறுகாய்ப் பாட்டிலோடு வந்தார்.

மறுநாள் மதியம் விமானம். அன்றைக்கும் அப்பா வியாபாரத்தை விடவில்லை. போய் விற்றுவிட்டு வந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார். அம்மாவும் கபாடிக் கடை மாமாவும் கூட. வாசலில் கும்பிட்டு, அழுது, படம் எடுத்து, டிக்கெட்டைக் காட்டி நான் மட்டும் உள்ளே போனேன்.

கவுண்டரில் பெட்டியை வைத்தேன். எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இருபத்தேழுக்கு மேல் காட்டியது.

“உங்க மிஷின் சரியில்ல” என்று அந்தப் பெண்ணிடம் நான் உறுதியாகச் சொன்னேன். இன்ஜினீயர் அல்லவா! அவள் பொறுமையாகப் பக்கத்துக் கவுண்டரில் வைக்கச் சொன்னாள். அதுவும் அதையே காட்டியது. அதிகப்படி எடைக்குக் கட்ட வேண்டும், இல்லையென்றால் எடுக்க வேண்டும். கட்டுகிற நிலைமையில் நான் இல்லை. அப்பாவுக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம்.

“ஏட்டி, அது அவன் வாங்குத தராசுல்லா! பழைய இரும்பு கொண்டு போடுதவனுக்குக் கொறச்சுக் காட்டத்தான அத வச்சிருக்கான்!”

பின்னால் மாமாவின் குரல் பரிதாபமாகக் கேட்டது. “நான் என்னத்தக் கண்டேன்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா விக்குத தராச எடுத்துப் போட்டிருப்பம்லா!”

சிறு வயதிலிருந்து பழைய பேப்பர் கொண்டுபோய் அந்தத் தராசில் போட்டவர்கள் நாங்கள். எடை குறைகிறது என்று மாமாவோடு சண்டை போடாத வீடு எங்கள் சந்தில் கிடையாது. அப்படியும் என் பெட்டியை அதன் மேல் ஏற்றியபோது ஒருவருக்குக்கூட அது ஞாபகம் வரவில்லை!

ஓரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். பளபளக்கிற அந்தத் தளத்தில், சக்கரப் பெட்டிகளும் கோட்டு சூட்டுகளும் கடந்து போகிற வழியில், எங்கள் வீட்டுச் சமையல்கட்டு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. குக்கர். உரல். ஊறுகாய். பொடிகள். அடியில் ஸ்வெட்டருக்குக் கீழே வெள்ளைத் துணியில் சுருட்டிய எதுவோ கையில் தட்டுப்பட்டது. அம்மா இட்லி அவிக்கிற துணி, பழைய வேட்டியைக் கிழித்தது. அதை நான் வைக்கவில்லையே என்று பிடித்து இழுத்தேன்.

‘பொம்!’

அந்தப் பெரிய கூடத்தில் அது எப்படி எதிரொலித்தது என்று சொல்லத் தெரியவில்லை. வரிசைகள் மொத்தமும் திரும்பின. துப்பாக்கியோடு நின்ற காவலர்கூடத் திரும்பினார். நான் துணியை அவிழ்த்துப் பார்க்க வேண்டியதே இல்லை. அந்த ஜலதோஷக் குரலை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன்.

வரிசையில் நின்ற ஒரு மராத்திக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அரே, இட்லிவாலா ஆயா!” இட்லிக்காரர் வந்துட்டாரு! சுற்றியிருந்த பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். மும்பையில் அந்தச் சத்தம் தெரியாதவர் யார்?

நான் எழுந்து நின்றேன். ஹார்னைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே சொன்னேன், “ஆயா நஹி ஆன்ட்டி, ஜா ரஹா ஹை. ஜெர்மனி! யே மேரே பப்பா கா ஹை.” வரவில்லை, போகிறார், இது என் அப்பாவுடையது என்று.

யாரோ ஒருவர் கை தட்டினார். அப்போதுதான் நாளைக்குக் காலையில் அப்பா எதை அடிப்பார் என்று உறைத்தது; அவர் வாசலில்தான் நிற்கிறார், இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். அந்த அம்மா வரிசையை விட்டு என்னிடம் வந்து, “போய்க் கொடுத்துட்டு வா, சாமானை நான் பாத்துக்கறேன்” என்று இந்தியில் சொல்லிவிட்டு என் குக்கர் பக்கத்தில் காவலுக்கு நின்றுகொண்டார்.

ஹார்னை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வெளியே விட மாட்டேன், இங்கேயே நின்று கொடு, சீக்கிரம் என்றார் காவலர். கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா, அம்மா, குற்றவாளி முகத்தோடு மாமா.

“இத எதுக்குப்பா உள்ள வச்சீங்க? நாளைக்கு என்னத்த அடிப்பீங்க? பிடிங்க.”

அப்பா கையை நீட்டவே இல்லை. பின்னுக்குக் கட்டிக்கொண்டார். “நீ கேட்டதுக்கு மறுநாளே புதுசு வாங்கிட்டேன். ஒரு வாரமா அதான் அடிக்கேன், நீ பாக்கலயா?”

நான் எங்கே பார்த்தேன்! பெட்டியைத் தவிர அந்த வாரம் நான் எதையும் பார்க்கவில்லை.

“மொத நாளு ஒரு பயலும் எறங்கல” என்றார் அப்பா. “அந்தால கீழ நின்னு சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். ரெண்டாம் நாளு பாதிப் பேரு. நேத்து மொத்தப் பேரும் வந்தாச்சி. இன்னிக்குப் பாத்திரம் காலி. அப்பதான் எனக்கே தெரியுது, இத்தன வருசமா அவங்க வந்தது சத்தத்துக்கு இல்லட்டி. இட்லிக்கு!”

அவர் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் பார்த்ததே இல்லை. எனக்கு வேலை கிடைத்த அன்றுகூட இல்லை.

“அத அவிச்சது யாராம்?” என்றார் பக்கத்தில் நின்ற அம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டே.

காவலருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவரும் சேர்ந்து சிரித்தார். அவரே ஹார்னை என் கையிலிருந்து வாங்கி, ஒருமுறை அந்த ரப்பர் பந்தை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது அம்மாவே உத்தரவு போட்டார். “ஹார்னு போவட்டும். கல்லக் கொண்டா. குக்கரக் கொண்டா. அதான் அங்க கெடைக்கும்னு சொன்னியே!” இத்தனை நாள் நான் சொன்னதை அவர் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் உள்ளேயும் வாசலுக்குமாக ஓடி ஓடிக் கொடுத்தேன். உரலை மாமாதான் வாங்கிக்கொண்டார். தண்டனை மாதிரி அதை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டே நின்றார். ஊறுகாயில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். துணியை மட்டும் கொடுக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அந்த மராத்திக்கார அம்மா என் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்துத் தந்தார். தராசு இந்த முறை சரியாகக் காட்டியது. ஹார்னை நான் பெட்டிக்குள் வைக்கவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டேன். பாதுகாப்புச் சோதனையிலும் அது ஒரு முறை பேசியது. அங்கேயும் சிரிப்பு.

இப்போது நான் இருப்பது மூன்று நிமிடத்தில் கடந்துவிடக் கூடிய ஒரு சின்ன ஜெர்மன் ஊர். வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறேன். கைப்பிடியில் அப்பாவின் ஹார்ன். குளிர் காலத்தில் அதன் ஜலதோஷம் இன்னும் மோசமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் துணியில் இட்லி அவிக்கிறேன். அம்மாவுடையது மாதிரி வருவதில்லை, ஆனாலும் மாடியில் இருக்கிறவர்கள் டப்பாவோடு இறங்கி வருகிறார்கள். வீடியோவில் அதைப் பார்த்த அப்பா, “செம்பூர விட்டு எங்க போனாலும் மாடிக்காரங்க மாடிக்காரங்கதான்” என்றார்.

என்ன கொண்டுவந்தாய், எங்கிருந்து வந்தாய் என்று யார் கேட்டாலும் நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் அந்தப் பந்தை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் தலையை நிமிர்த்தி ‘தாராவி’ என்று சொல்கிறேன்.