முதுகிலை இருந்த இருபத்திநாலு

ஜேர்சிக்கு எழுத்துப் போடுறவனைக் கழகம் வெண்டால் ஒருத்தரும் நினைக்கமாட்டினம். தோத்தால் மட்டும் இலக்கம் ராசியில்லையெண்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வருவினம். கையாலை செய்து குடுத்து, அதுக்கு வாயாலை பேச்சும் வாங்கின ஆக்களெண்டால் நான் சொல்லுறது உங்களுக்கு விளங்கும். மற்றவை சும்மா வாசிச்சுப்போட்டுப் போங்கோ.

நீர்வேலியிலை றோட்டுக்கரையிலை ஒரு அறை, ஒரு தையல் மெசின், சுவர் முழுக்கக் கொளுவின எழுத்து அச்சுகள். எண்பத்திமூண்டிலை கொழும்பிலையிருந்து உடுத்த உடுப்போடை வந்து துவங்கினனான். தொண்ணூற்றஞ்சிலை ஊரோடை சேர்ந்து கதவைச் சாத்திக்கொண்டு வெளிக்கிட்டனான். நடுவிலை எத்தினையோ சட்டை என்ரை கையாலை போச்சுது. ஆனால் ஒரு சட்டைதான் இப்பவும் கண்ணை மூடினால் வருது. முதுகிலை இருபத்திநாலு எண்டு ஊசி ஓட்டை இருந்த சட்டை. அது எந்தப் பிள்ளையின்ரை எண்டு, ரெண்டு தாய்மாருக்கு நடுவிலை நிண்டு நான் சொல்லவேண்டி வந்தது. அதைச் சொல்லத்தான் மற்றக் கதையளையும் சொல்லுறன்.

பொத்தான் திண்ட எழுத்து

முதலிலை அந்தச் சட்டையள் வந்த விதம். எங்கடை ஊருக்குக் கிட்ட இருந்த மிசன் கோயிலுக்கு அமெரிக்காவிலையிருந்து பழைய உடுப்புப் பொதியொண்டு வந்து, கனகாலமாய்ச் சாமான் அறையிலை கிடந்தது. தொண்ணூறுக்குப் பிறகு கொழும்பிலையிருந்து துணி, நூல் ஒண்டும் வராமல் நிண்ட காலத்திலை போதகர் அதை அவிட்டார். உள்ளுக்கை பேஸ்போல் எண்ட விளையாட்டுக்காரர் போடுற சட்டை பதினெட்டு. நல்ல தடிச்ச துணி, முன்பக்கம் பொத்தான். நெஞ்சுக்குக் குறுக்காலை சாய்ச்சு எழுதின இங்கிலீசுப் பேர், கடைசி எழுத்திலையிருந்து பேருக்குக் கீழாலை ஓடுற ஒரு வால். முதுகிலை இலக்கம், ரெண்டடுக்குத் துணியிலை வெட்டி இறுக்கித் தைச்சது. பொல்லாலை பந்தை அடிக்கிற விளையாட்டாம், அதுக்கு மேலை எங்கடை பக்கம் ஒருத்தருக்கும் தெரியாது. கதலிவனம் விளையாட்டுக் கழகத்தின்ரை செயலாளர் குகதாஸ் அவ்வளவு சட்டையையும் சைக்கிள் கரியரிலை கட்டிக்கொண்டு என்னட்டை வந்து நிண்டார். உதைபந்துக்குப் போடவாம். இங்கிலீசைக் கழட்டிப்போட்டு, அதே சாய்விலை, அதே வாலோடை, தமிழிலை 'கதலிவனம்' எண்டு வரவேணுமாம்.

சொல்லுறது லேசு. இங்கிலீசு எழுத்து விட்ட இடத்திலை நிக்கும். எங்கடை எழுத்து மேலையும் கீழையும் கையைக் காலை நீட்டும், சாய்ச்சால் விழப்போற ஆள் மாதிரி நிக்கும். மூண்டு நாள் கீறிக் கீறி அழிச்சு, கடைசி எழுத்தின்ரை அடியிலையிருந்து வாலை இழுத்து ஒருமாதிரி ஒப்பேத்தினன். ஆனால் பொத்தானைப் பூட்டாமல் சட்டையை விரிச்சு வைச்சு அளந்திட்டன், விசரன். பூட்டினவுடனை ஒரு பக்கம் மற்றப் பக்கத்துக்குக் கீழை ரெண்டு விரற்கடை போச்சுது. குகதாஸ் முதல் சட்டையைப் போட்டுப் பூட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னாலை கனநேரம் நிண்டார். "அண்ணை, நடுவிலை ஒரு எழுத்தைப் பொத்தான் திண்டிட்டுது. இப்ப நாங்கள் எந்தக் கழகம்?" எண்டார்.

நெஞ்சுப் படம்

அச்சு வெட்ட மட்டை சரிவராது, ரெண்டுதரம் பெயின்ற் பட்டால் ஊறிப்போம். எக்ஸ்றே படம்தான் தோது. ஆஸ்பத்திரியிலை வேலை செய்த ஒருத்தர் ஆரும் எடுக்க வராத பழைய படங்களைக் கொண்டுவந்து தருவார். அதிலைதான் நான் எழுத்தும் இலக்கமும் வெட்டுறனான். ஆற்றை கால், ஆற்றை கை எண்டு நான் பாக்கிறேல்லை.

ஒருநாள் புத்தூரிலையிருந்து ஒரு அம்மா மகன்ரை ஜேர்சியை எடுக்க வந்தவ. சுவரிலை தொங்கின அச்சொண்டைப் பாத்தபடி அப்பிடியே நிண்டிட்டா. மூலையிலை பேர் இருந்ததை நான் கவனிக்கேல்லை. அது அவவின்ரை மனுசன். செத்து ஒரு வருசமாம். விலா எலும்புக்கு நடுவிலை நான் ஒரு பெரிய ஐஞ்சு வெட்டி வைச்சிருக்கிறன். மன்னிப்புக் கேட்டுக் கழட்டிக் குடுத்தன். மனுசி அதை வெளிச்சத்துக்குப் பிடிச்சு, வெட்டின இடத்துக்குள்ளாலை றோட்டைப் பாத்தா. "உதிலை ஒண்டுமில்லையெண்டுதான் டொக்டரும் சொன்னவர், தம்பி," எண்டா.

ஆளைப் பிடிக்க ஏலாத இலக்கம்

சண்டிலிப்பாய்ப் பக்கத்துக் கழகமொண்டு, பேர் மட்டும் தமிழிலை போட்டால் காணாது, இலக்கமும் பழைய தமிழ் இலக்கமாய்த்தான் வேணுமெண்டு ஒற்றைக்காலிலை நிண்டுது. எனக்கு அது தெரியாது. ஆரோ வைச்சிருந்த பழைய பஞ்சாங்கத்தைப் பாத்துக் கீறிக் குடுத்தன். வடிவாய்த்தான் இருந்தது. ஆட்டம் நடந்த அண்டைக்கு ஒருத்தன் மற்றவனின்ரை காலை அடிச்சு விழுத்திப்போட்டான். மத்தியஸ்தர் ஓடிவந்து கொப்பியை எடுத்தார், எழுதத் தெரியேல்லை. அவன்ரை முதுகைச் சுத்திச் சுத்திப் பாத்தார். கடைசியிலை அவனையே கேட்டார், தன்ரை இலக்கம் என்னவெண்டு அவனுக்கும் தெரியாது.

சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும் வரம்பிலை நிண்டு சிரிச்சனான், அப்ப சிரிக்க ஏலுமாய் இருந்தது. மத்தியஸ்தர் எனக்குக் கிட்ட வந்து, சிரிக்காமல், "அண்ணை, இலக்கம் போடுறதே ஆளை அடையாளம் பிடிக்கத்தானே. நீங்கள் உதைப் போட்டு ஆளை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்," எண்டார்.

விட்டுப் போன இலக்கம்

புதுசாய்ச் சட்டை அடிக்கிற கழகங்கள் ஒண்டிலையிருந்து வரிசையாய்த்தான் இலக்கம் கேக்கும். ஒரு கழகம் ஏழை விடச் சொல்லிச்சுது. ஏழு போட்ட பெடியன் செல் குண்டு விழுந்து செத்தவன். அது நியாயம்தானே. அடுத்த வருசம் ஏழோடை ரெண்டையும் விடச் சொல்லிச்சினம். அதுக்கடுத்த வருசம் பதினொண்டும் இல்லை. பதினொரு பேர் ஆடப் பதினாலுவரை போகவேண்டி வந்தது.

எனக்கு எரிச்சல், அச்சு வெட்டி வைச்ச இலக்கம் எல்லாம் சுவரிலை வீணாய்த் தொங்குது. உப்பிடியே போனால் முதுகு காணாது எண்டு சினந்தன். கழகத் தலைவன் நல்ல பெடியன், கோவிக்கேல்லை. "எவ்வளவு தூரம் போனாலும் போகட்டுமண்ணை, ஆள் செத்த இலக்கத்தை உயிரோடை இருக்கிறவனுக்குப் போடாதேங்கோ," எண்டான்.

காத்துப் போற சட்டை

இனிக் கதலிவனத்துச் சட்டைக்கு வாறன். அமெரிக்காக்காரன் தைச்ச இலக்கத்தைப் பிளேட்டாலை பிரிச்செடுத்தால் அடியிலை ஊசி ஓட்டை வரிசையாய் நிக்கும். எத்தினைதரம் தோய்ச்சாலும் மூடாது. வெளிச்சத்துக்குப் பிடிச்சால் பழைய இலக்கத்தை அப்பிடியே வாசிக்கலாம். அதுக்கு மேலை புது இலக்கத்தைத் தைக்க என்னட்டை நூல் இல்லை. உரச்சாக்கிலை உருவின நூலாலை நாலு மூலையைக் குத்தி, மிச்சத்தைக் கோதுமைமாப் பசையாலை ஒட்டினன். ஈரத்துக்குத் தாங்காதெண்டு எல்லாருக்கும் சொல்லித்தான் குடுத்தனான்.

சிவநேசனுக்கு ஒம்பது, ஜெயராஜுக்கு நாலு. ஒரு வகுப்பிலை படிச்ச பெடியள். ஒரே உயரம், ஒரே பருமன், ஒருத்தனை விட்டு மற்றவன் சாப்பிடவும் மாட்டான். சிவநேசன்ரை தாய் இராசமணியக்கா சந்தையிலை வாழைக்குலை ஏவாரம் செய்யிறவ. தேப்பனில்லாமல் அவனை வளர்த்தவ, அவவின்ரை தொண்டை சந்தைக்குப் பழகின தொண்டை. சட்டையைக் கொண்டுவந்து மேசையிலை எறிஞ்சு, ஓட்டையிலை விரலை வைச்சு ரெண்டையும் நாலையும் கீறிக் காட்டி, என்ரை பிள்ளையின்ரை முதுகிலை வெய்யில் எட்டிப்பாக்குது, உனக்கென்ன விசரோ எண்டு கத்தினா. றோட்டாலை போனதுகள் எல்லாம் நிண்டு பாக்குதுகள். உள்ளாலை துணி வைச்சு மூடித் தாறன் அக்கா எண்டு சொல்லி அனுப்பினன். மூடத் துணி ஆரிட்டை இருக்கு? அந்த நேரம் ஜெயராஜின்ரை சட்டை கழுத்துத் தைக்கவெண்டு என்னட்டைக் கிடந்தது. அதிலை பழைய இலக்கம் முப்பத்தொண்டு, ஓட்டை சின்னன், உத்துப் பாத்தால்தான் தெரியும். ஒம்பதைக் கழட்டி அதிலை ஒட்டினன், நாலைக் கழட்டி இருபத்திநாலிலை ஒட்டினன். மூடிப்போட்டன் எண்டு சொல்லிக் குடுக்க, அக்கா சந்தோசமாய்க் கொண்டுபோனா. ஒரு கதலிச் சீப்பும் தந்தவ.

ஜெயராஜின்ரை தாய் ரூத் ரீச்சர், மிசன் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறவ. அவ சத்தமாய்க் கதைச்சு நான் கேட்டதில்லை. அந்தத் துணிவிலைதான் நான் மாத்தினனான், வேறை ஒண்டுமில்லை. அவ சட்டையை விரிச்சா, ஓட்டையைக் கண்டா, அது என்ன இலக்கமெண்டு பாக்காமல் திருப்பி மடிச்சா. நான் ஏதோ சாட்டுச் சொல்ல வாயெடுக்க முந்தி, "பரவாயில்லைத் தம்பி, காத்துப் போகும்," எண்டா.

கயித்திலை போட்டிருந்தது

அடுத்த வருசம் ரெண்டு பெடியளும் வெளிநாடு போறதெண்டு கொழும்புக்கு வெளிக்கிட்டினம். அப்ப தரையாலை பாதையில்லை, கிளாலியிலை வள்ளம் ஏறி நீரேரியைக் கடக்கவேணும். சனநெரிசலிலை ஒருத்தனை ஒருத்தன் தவறவிடாமல் இருக்க ரெண்டுபேரும் கழகச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனவங்களாம். வள்ளத்துக்கு என்ன நடந்ததெண்டு தப்பி வந்தவை ஆளுக்கொரு விதமாய்ச் சொல்லிச்சினம். நாலாம் நாள் கதலிவனம் சட்டையோடை ஒரு உடம்பு கரையொதுங்கிச்சுது. ஒண்டுதான். குகதாஸ் மண்ணெண்ணெயிலை ஓடுற காரொண்டைப் பிடிச்சு ரெண்டு தாய்மாரையும் ஏத்தினார். இராசமணியக்காவின்ரை தம்பியும் வந்தார். எழுத்துப் போட்டவனெண்டு என்னையும் கூப்பிட்டினம்.

முகம் பாக்கிற நிலையிலை இல்லை. தாய்மாரைப் பாக்கவும் விடேல்லை. உடம்பைப் பாயாலை மூடி, சட்டையை மட்டும் கழட்டி அலசிக் கயித்திலை போட்டிருந்தினம். முன்பக்கத்திலை நான் இழுத்த வால் மங்கலாய் நிண்டது. முதுகிலை இலக்கம் இல்லை. என்ரை பசை கரைஞ்சு, சாக்கு நூல் விட்டு, எல்லாம் தண்ணியோடை போச்சுது. இராசமணியக்கா சட்டையை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடிச்சா. விரலாலை தடவி ரெண்டைக் கீறினா, பிறகு நாலைக் கீறினா. சந்தை முழுக்கக் கேக்கிற அந்தத் தொண்டை அண்டைக்கு எழும்பேல்லை. "இவன் என்ரை பிள்ளைதான். இந்த ஓட்டைக்கு நான் சண்டை பிடிச்சனான்," எண்டா.

ரீச்சரின்ரை கை

ரூத் ரீச்சர் இராசமணியக்காவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. அவவின்ரை முகத்திலை மற்றவவுக்காக அழுகையும் இருந்தது, தன்ரை பிள்ளை எங்கையோ கரையேறியிருப்பான் எண்ட நினைப்பும் இருந்தது. நான் அதைக் கண்டனான். அக்காவின்ரை தம்பி விறகுக்கு ஆள் அனுப்பிறார். வாயை மூடிக்கொண்டு நிண்டால் ஒருத்தருக்கும் தெரியவராது. ஒரு தாய்க்கு எரிக்க ஒரு உடம்பு கிடைக்கும், மற்றத் தாய்க்கு நம்ப ஒரு பிள்ளை இருக்கும். எனக்கும் பேச்சு விழாது. உப்பிடியெல்லாம் நான் நினைச்சனான், மறைக்கேல்லை. ஆனால் அக்கா வீட்டிலை எரிக்கிற வழக்கம், ரீச்சர் வீட்டிலை குழி வெட்டித் தாக்கிற வழக்கம். ஜெயராஜை எரிச்சுப்போட்டால் அதை எந்த நூலைக் கொண்டு நான் திருப்பித் தைக்கிறது?

சொன்னன். அக்கா, நான் ஓட்டையை மூடேல்லை, சட்டையை மாத்தினனான், இது ஜெயராஜ் எண்டன். எனக்கே என்ரை குரல் கேக்கேல்லை, ரெண்டாந்தரமும் சொல்லவேண்டி வந்தது. இராசமணியக்கா சட்டையை விட்டிட்டா. அப்ப என்ரை பிள்ளை எங்கை எண்டு என்னைத்தான் கேட்டா. ரூத் ரீச்சர் கீழை விழுந்த சட்டையை எடுத்து மடிச்சா, அண்டைக்கு மடிச்ச மாதிரியே. என்னை ஏசுவா எண்டு பாத்துக்கொண்டு நிண்டன், ஏசினால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். "முதலே சொல்லியிருக்கலாமே தம்பி. நான் இவ்வளவு நேரமும் என்ரை பிள்ளைக்குப் பக்கத்திலை நிண்டு வேறை பிள்ளைக்கெல்லோ அழுதனான்," எண்டா.

ஒம்பது

ஜெயராஜைக் கோயில் வளவிலை தாட்டினம். சிவநேசன் கடைசிவரை கிடைக்கேல்லை. இராசமணியக்கா கனமாதம் என்ரை கடைப்பக்கம் வரேல்லை, சந்தையிலை கண்டால் குலையை அடுக்கிற மாதிரிக் குனிஞ்சிடுவா. பிறகு ஒருநாள் காலமை ஒரு துணியோடை வந்து மேசையிலை வைச்சா. அந்தக் காலத்திலை அப்பிடியொரு துணியை எங்கை தேடிப் பிடிச்சாவோ தெரியாது. அவன் வந்தால் போடச் சட்டை வேணுமாம், முதுகிலை ஒம்பது போட்டு. நான் வரமாட்டானெண்டும் சொல்லேல்லை, வருவானெண்டும் சொல்லேல்லை. அளவும் கேக்கேல்லை. பத்திரப்படுத்தி வைச்சிருந்த நல்ல நூலை எடுத்தன். இலக்கத்தை ரெண்டடுக்காய் வெட்டி, அமெரிக்காக்காரன் தைச்சது போலை சுத்திவர இறுக்கித் தைச்சன். கிழமை முழுக்க அந்த ஒரு வேலைதான்.

எடுக்க வந்த அண்டைக்கு அவ சட்டையை வெளிச்சத்துக்குப் பிடிச்சா. முன்னுக்குப் பாத்தா, பின்னுக்குத் திருப்பிப் பாத்தா, ஒம்பதைச் சுத்தி ஒவ்வொரு தையலாய் விரலாலை தடவினா. "இது வேறை ஆற்றையும் பிள்ளையின்ரை சட்டை இல்லைத்தானே, தம்பி?" எண்டு கேட்டா.

பன்னிரண்டு வருசம் ஊர்ப் பெடியளின்ரை முதுகிலை இலக்கம் போட்டன்; அதிலை கடைசிவரை அழியாமல் நிண்டு ஆளைக் காட்டிக் குடுத்தது, நான் பிரிச்செறிஞ்ச ஒண்டு மட்டும்தான்.